கண்ணாடிக்குள் நிற்காத மச்சினன்

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு எங்கள் தெருவில் இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேரும் என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: வலிக்குமா? வலிக்காது. ஊசி போடும்போது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்குவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். கட்டு அவிழ்த்துக் கண்ணாடி போட்ட பிறகு கை கால் என்ன பாடுபடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. ஆளுக்கொரு தடவை வாயால் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன், வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் பெயர் மிக்கேல். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். அதற்கு முன்பு கப்பலில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினேன். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாமல் தூரத்திலேயே நிற்கும். சரக்கை வத்தை என்கிற பெரிய தோணிகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டு வருவோம். புதுத் துறைமுகம் வந்து கப்பல்கள் கரையோடு அணைய ஆரம்பித்ததும், வின்ச் தெரிந்த சிலரைப் பழக்கிக் கிரேனில் ஏற்றினார்கள். அதில் நான் ஒருவன்.

கிரேன் ஓட்டுகிறவன் அறுபது அடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான். கீழே பேசுவது எதுவும் கேட்காது. அதனால் கீழே ஒருவன் நின்று கையால் சாடை காட்டுவான். ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. மேலே நீட்டிச் சுற்றினால் ஏற்று. முஷ்டியை மூடினால் அப்படியே நிறுத்து. எனக்குச் சாடை காட்டினவன் லாசர், என் மனைவி பிலோமினாவின் கூடப்பிறந்த தம்பி.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் முத்துக்குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றை எல்லார் கையிலும் கொடுக்க மாட்டான். மச்சினன் கையில்தான் கொடுப்பான். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் கொஞ்சம் அசந்தால் கீழே இருக்கிறவன் போனான். சொந்த அக்காள் தாலியறுப்பதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்று கணக்கு. என் மாமனார் முத்துக்குளித்தது அவருடைய மச்சினன் பிடித்த கயிற்றில்தான். எங்கள் விஷயத்தில் அது தலைகீழாகிவிட்டது. கயிறு என் கையில், கீழே நிற்கிறவன் மச்சினன். பிலோமினா இதைக் கல்யாண வீட்டுக் கேலிபோல அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

நாற்பத்தாறாவது வயதில் எனக்கு வெயில் பிடிக்காமல் போனது. உப்பளத்தில் குவித்து வைத்திருக்கிற உப்பு மத்தியானத்தில் எப்படிக் கண்ணைக் குத்தும், அப்படி எல்லாமே குத்த ஆரம்பித்தது. சாயங்காலமானால் நன்றாகத் தெரியும். கண்ணில் கோளாறு என்றால் சாயங்காலம் மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஒரு தொப்பி வாங்கிப் போட்டேன். கூண்டின் கண்ணாடியை ஆள் விட்டு இரண்டு தடவை துடைக்கச் சொன்னேன். துடைத்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஒரு நாள் உர மூட்டைகள் இறக்கிக்கொண்டிருந்தோம். லாசர் விரலைச் சுற்றுகிறான் என்று நினைத்து இறக்கிக்கொண்டே இருந்தேன். அவன் வெகு நேரமாக முஷ்டியை மூடி வைத்திருக்கிறான். எனக்கு வெயிலில் அவனுடைய கையே ஒரு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. மூட்டைகள் அவன் கால்மாட்டில் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தன. நடுமூட்டை வெடித்துவிட்டது. அவன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏணியில் ஏறி மேலே வந்தான். என் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டினான்.

"அத்தான், இது எத்தன?"

"ஏலே, என்ன வெளையாட்டு இது?"

"எத்தனன்னு சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. இரண்டு என்றேன். அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். "இன்னைக்கு வயித்துவலின்னு சொல்லி எறங்கிருங்க. நாளைக்கு அக்காவக் கூட்டிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போங்க" என்றான். சின்ன மச்சினன் எனக்கு உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. போனேன்.

பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கப் பெஞ்சில் கழிந்தது. சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரிய வைப்பார்கள், அது விரியும்வரை காத்திருக்க வேண்டும். விரிந்த பிறகு வெளிச்சம் கூசி எதிரில் இருக்கிறவர் முகம்கூடத் தெரியாது. அன்றைக்குப் பெஞ்சில் இருந்த இருபது பேரும் குரலை வைத்துத்தான் சிநேகமானோம். என் பக்கத்தில் சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். தன் முறை வரும்வரை என்னிடம் வேதப்பாடம் நடத்தினார். நாங்கள் கத்தோலிக்கர், அவர் வேறு சபை. இருட்டில் எந்தச் சபையானால் என்ன என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். கண்ணுக்குள்ளே ஒரு வில்லை இருக்கிறது, பயறு மாதிரி. அது பளிங்காக இருந்தால் பார்வை. பால் மாதிரி கலங்கினால் அதுதான் புரை. எனக்கு வில்லையின் பின்பக்கம் நடுவில் கலங்கியிருக்கிறதாம். வெயிலில் பாவை சுருங்குகிறபோது பார்வை முழுக்க அந்தக் கலங்கின இடம் வழியாகத்தான் போகிறது. சாயங்காலம் பாவை விரிகிறது, பக்கவாட்டில் கொஞ்சம் வழி கிடைக்கிறது. நான் வக்கீல் வைத்த வழக்கு அத்தோடு தள்ளுபடி. இரண்டு கண்ணிலும் வில்லையை எடுத்துவிட வேண்டும், ஒன்றுக்கும் மற்றதற்கும் இரண்டு மாதம் இடைவெளி வேண்டும் என்றார்.

"எடுத்துட்டு அந்த எடத்துல என்ன வைப்பீங்க?" என்று பிலோமினா கேட்டாள்.

"உள்ள ஒண்ணும் வைக்க மாட்டோம்மா. வெளிய வைப்போம். தடிச்ச கண்ணாடி."

"நான் கிரேன் ஓட்டுறவன், ஐயா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார் என்று பிலோமினா பிறகு சொன்னாள். என்னிடம் அவர் சொன்னது, "மொதல்ல பாக்க வைப்போம்" என்பதுதான்.

செலவைப் பற்றி எழுதப்போவதில்லை, அது எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். பரிசோதனைகளைச் சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் இருக்கலாம். மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணை மரக்க வைத்துவிட்டு, படுக்கப்போட்டு, முழியின் மேல் ஒரு சின்ன எடையை நிற்கவைத்துப் பார்ப்பார்கள். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அதில் தெரியும். பிறகு கண்ணின் ஓரத்தில் இருக்கிற கண்ணீர்த் துவாரத்தில் ஒரு மொட்டை ஊசியால் உப்புத்தண்ணீரை விடுவார்கள். அந்த வழி அடைக்காமல் இருந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்கும்.

"உப்பு தெரியுதா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"தூத்துக்குடிக்காரன்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியா சிஸ்டர் இது?" என்றேன். பயத்தில் பேசினதுதான். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது.

ஆபரேஷன் அன்று ஆள் மயங்க மாட்டான், கண் மட்டும்தான் மரத்திருக்கும். அதனால் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. குளிர வைத்த ஒரு கம்பியின் நுனியை வில்லையில் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும், அப்படியே மெதுவாகத் தூக்கி வெளியே எடுப்பார்கள். டாக்டர் அந்த நேரத்தில், "மிக்கேல், இப்ப உங்க வேலையத்தான் நான் செய்யிறேன். அசையாதீங்க" என்றார். நான் மனதுக்குள் விரலை மேலே நீட்டிச் சுற்றினேன். மெதுவாக ஏற்று. நல்ல கைகாரர், ஆட்டமே இல்லாமல் ஏற்றிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். அறுத்தது ஒரு கண் என்றாலும் கட்டு இரண்டு கண்ணுக்கும். ஒரு கண் உருண்டால் மற்றதும் உருளும் என்பதால். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ஐந்து நாள் மல்லாக்கப் படுக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது. தலையைத் திருப்பக் கூடாது. ராத்திரி பகல் என்பதே கிடையாது. வார்டில் கஞ்சி மணம் வந்தால் காலை, பினாயில் மணம் வந்தால் மத்தியானம். தையல் பிரிந்துவிட்டால் கண் போச்சு என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். தும்மல் வரும்போதெல்லாம் மேலுதட்டை அமுக்கிக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

பேசினாலும் தாடை அசைகிறது, முதல் இரண்டு நாள் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிலோமினா கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவாள். ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்த கரண்டி வந்துவிடும். சொல்ல முடியாமல் கையைத் தூக்கி முஷ்டியை மூடினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தம்பியும் புருஷனும் சாப்பாட்டு நேரத்தில் இதே சாடையில் குழம்பு கேட்கிறதைப் பார்த்துப் பழகினவள். அன்றிலிருந்து விரல் கீழே சுற்றினால் கரண்டி வரும், முஷ்டி மூடினால் நிற்கும். ரவுண்டு வந்த சிஸ்டர் பார்த்துவிட்டு, "யாரம்மா உன்ன அடிக்கக் கை ஓங்குறது, இவரா?" என்று கேட்டார். பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து, மணல் மூட்டைக்கு நடுவில் அதை அடக்கினது பெரிய பாடு. கண்ணுக்குக் கட்டுப் போட்ட அந்த ஐந்து நாளும் அவள் கை என் கையிலிருந்து விலகினது குறைவு. அதை இங்கே எழுதாவிட்டால் நான் மனுஷன் இல்லை.

இரண்டாவது கண்ணும் அதே மாதிரி முடிந்தது. புண் ஆறி, கடைசியாகக் கண்ணாடி வந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் சோடா பாட்டிலின் அடிமாதிரி. போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பிலோமினாவின் முகம் என் மூக்குக்கு நேரே இருந்தது. மூக்குத்தியின் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு வருஷமாக அந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேன். அழக்கூடாது என்று சிஸ்டர் திட்டினார். அவள் முகத்தைத் தொடக் கையை நீட்டினேன். கை காற்றில் நின்றது. அவள் நாலு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும். மூன்று தேங்காய் கிடந்தால் நான்கு தேங்காய் அளவுக்கு இடத்தை அடைக்கும். பெரிதாகத் தெரிகிற பொருள் பக்கத்தில் இருக்கிறது என்று புத்தி நினைத்துக்கொள்கிறது. கையை நீட்டினால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. காப்பி குடித்துவிட்டுத் தம்ளரை மேசையில் வைத்தேன், மேசைக்கு முன்னாலேயே விட்டுவிட்டேன். அடுத்த தம்ளரும் அப்படியே. வாசல் நிலை இரண்டு பக்கமும் உள்பக்கமாக வளைந்து தெரியும். தலையைத் திருப்பினால் அறை முழுக்க நீச்சல் அடிக்கும். படி இறங்கக் காலை வைத்தால் படி வருவதற்கு முன்பே மிதித்துவிடுவேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணு புதுசு, கை பழசு. கைக்குப் பழைய அளவுதான் தெரியும். தினமும் எடுத்து எடுத்து வையுங்க, ஆறு வாரத்துல கை கத்துக்கிடும்" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். கண்ணாடியின் ஓரத்துக்கும் வெளியே தெரிகிற உலகத்துக்கும் நடுவில் ஒரு வளையம் இருக்கிறது, அந்த வளையத்தில் எதுவுமே தெரியாது. அங்கே நிற்கிற ஆள் இல்லாத ஆள்தான். நகர்ந்தால் திடீரென்று முளைப்பான். "அதுக்கு வைத்தியம் கெடையாது. கண்ணத் திருப்பாதீங்க, தலையத் திருப்பிப் பாருங்க. ரோட்டுல நடக்கையில பத்திரம்."

அது உண்மை என்று அன்றைக்கே தெரிந்தது. வார்டு வராந்தாவில் யாருமே இல்லை என்று நடந்தேன், தட்டோடு ஒரு சிஸ்டர் என் நெஞ்சுக்கு நேரே முளைத்தார். மருந்துப் பாட்டில் இரண்டு போயிற்று.

துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள், ஆறு மாதத்துக்குள் கிரேனில் ஏறிச் சோதனையில் தேற வேண்டும். தேறினால் பழைய வேலை. இல்லையென்றால் கொட்டகையில் உட்கார்ந்து கயிறும் கொக்கியும் சரிபார்க்கிற வேலை. சம்பளம் பெரிதாகக் குறையாது. ஆனால் எனக்கு அந்தக் கொட்டகை வேண்டாம். உயரத்தில் உட்கார்ந்து, தொடாமலே ஒரு பொருளைப் பூப்போல இறக்கி வைக்கிறவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அது.

வீட்டுக்கு வந்து ஆறு வாரத்தில் கை கற்றுக்கொண்டது. தம்ளர் மேசையில் உட்கார்ந்தது, நானே ஊசியில் நூல் கோத்துக் காட்டினேன். அந்தத் தைரியத்தில் மொட்டைமாடியில் ஒரு கப்பியைக் கட்டி, கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டு, கீழே முற்றத்தில் வைத்த வாளிக்குள் இறக்கிப் பார்த்தேன். கல் வாளியின் விளிம்பில் மோதி வாளியே கவிழ்ந்தது. மேசை உயரத்துக்குக் கற்ற பாடம் மாடி உயரத்துக்குச் செல்லாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் கை தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

தினமும் காலையில் பிலோமினா கீழே நின்று விரலைச் சுற்றுவாள், நான் மேலே நின்று இறக்குவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குக் கண்ணோடு சேர்த்து மூளையிலும் ஏதோ எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். ஒரு வாரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. கல்லைப் பார்க்கக் கூடாது, கல்லின் நிழலைப் பார்க்க வேண்டும். கல் இறங்க இறங்க நிழல் அதை நோக்கி நகரும். இரண்டும் சேர்கிற இடத்தில் தரை. கண்ணாடி கல்லின் தூரத்தைப் பொய் சொல்லலாம், கல்லுக்கும் நிழலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றி அதனால் பொய் சொல்ல முடியவில்லை. வெயில் இருந்த நாளெல்லாம் பத்துக்குப் பத்து இறக்கினேன்.

மேகம் போட்டதும் மறுபடியும் வாளி கவிழ்ந்தது. மூன்று நாள் மப்பு. மூன்று நாளும் வாளியும் நானும் சண்டை. மூன்றாம் நாள் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா உள்ளே போய், பெட்டியில் கிடந்த ஒரு ஈயக்குண்டைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா தோணியில் வைத்திருந்தது. கயிற்றில் கட்டிக் கடலுக்குள் விட்டு, அது தரை தட்டுகிறதை வைத்து ஆழம் பார்ப்பார்கள். கயிற்றில் இடையிடையே துணி முடிந்திருக்கும்.

"தரை தெரியலன்னா அப்பா இதத்தான விடுவாங்க" என்றாள். "ஒங்களுக்கும் தரைதான தெரியல? கல்லுக்கு அடியில கெட்டுங்க."

கட்டினேன். கல்லுக்குக் கீழே ஒரு முழக் கயிற்றில் ஈயம், கயிறு நெடுகச் சிவப்புத் துணி. ஈயம் தரையைத் தொட்டதும் கயிறு துவளும், சிவப்புத் துணி சுருளும். அதைப் பார்த்தால் இன்னும் ஒரு முழம்தான் இருக்கிறது என்று அர்த்தம். மப்பாவது மழையாவது, கல் வாளிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. இத்தனை வருஷம் கப்பலோடு கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு ராஜாபோலச் சாப்பிட்டேன்.

சோதனை நாள் வந்தது. ஈயத்தையும் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். சோதிக்க வந்த அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். ஒரு சிமெண்டுக் கட்டியைத் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்ட கட்டத்துக்குள் இரண்டு தடவை இறக்க வேண்டும். மூன்றாவது தடவை கப்பலோரத்திலிருந்து சுழற்றிக் கொண்டுவந்து லாரியில் வைக்க வேண்டும். ஈயத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"இது என்ன ஓய்?"

"ஈயம்யா. தரை பாக்க. கூடாதுன்னு எங்கயும் எழுதலையே" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, கட்டிக்கொள் என்றார். கீழே சாடை காட்ட லாசர் நின்றான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வேறு ஆள் ஓட்டின கிரேனுக்குச் சாடை காட்டிக்கொண்டிருந்தவன், இன்றைக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான்.

முதல் தடவை வெயில் இருந்தது, நிழலோடு கட்டி சேர்ந்தது. இரண்டாவது தடவை மேகம் வந்துவிட்டது. எனக்குக் கவலையில்லை. சிவப்புத் துணி சுருண்டதும் ஒரு முழம் என்று எண்ணி, முட்டை வைக்கிறதுபோல வைத்தேன். கீழே யாரோ கை தட்டினது தெரிந்தது.

மூன்றாவது தடவை சுழற்ற ஆரம்பித்தேன். கட்டி என் கண்ணாடிக்கு நடுவில் இருந்தது. லாசர் அதோடு கூடவே நடந்து வந்தான். இரண்டு எட்டு வைத்தான், மூன்றாவது எட்டில் ஆள் இல்லை. தலையைத் திருப்பினேன், இருந்தான். அதற்குள் கட்டி வளையத்துக்குள் போய்விட்டது. கட்டியைப் பிடித்தேன், லாசர் போனான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அந்தக் கண்ணாடிக்குள் நிறுத்த முடியவில்லை. அப்படியே நிறுத்திவிட்டேன். தலையை இங்கேயும் அங்கேயும் திருப்பித் தேடினேன். கட்டி நின்ற இடத்துக்குக் கீழே, இரண்டு அடி மட்டும் தள்ளி லாசர் நின்றான், லாரிக்காரனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு. அவன் முஷ்டியை மூடவே இல்லை. நிறுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவன் நகர்ந்து வந்து விரலைச் சுற்றின பிறகு லாரியில் கட்டியை வைத்தேன். நடுச் சரியாக வைத்தேன்.

ஏணியில் இறங்கினேன். காலால் ஒவ்வொரு கம்பியையும் தடவித் தடவி இறங்கினேன். அதிகாரி காகிதத்தில் எழுதிக்கொண்டே, "பிரமாதம் ஓய். நடுவுல நிறுத்துனீரு பாரும், அதுதான் நிதானம். தேறிட்டீரு" என்றார். லாசர் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

பேசாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதம் என் கைக்கு வந்திருக்கும்.

"ஐயா, நிதானத்துக்கு நிறுத்தல" என்றேன். "இவன் காணாம போனான். ரெண்டு தடவ. லோடப் பாத்தா இவன் இல்ல, இவனப் பாத்தா லோடு இல்ல."

அதிகாரியின் பேனா நின்றது. "பழகிரும்லா?" என்று கேட்டார். நிஜமாகவே எனக்கு உதவத்தான் கேட்டார்.

"தூரத்தப் பழகிக்கிட்டேன்யா. இது பழகாது. டாக்டர் சொல்லிட்டாரு."

லாசருக்கு முகம் சிவந்துவிட்டது. "அத்தான், என்ன பேசுதீங்க? ஒண்ணும் ஆகலல்லா? நான் பாத்து நின்னுக்கிட மாட்டனா?"

"ஆகலங்கதாலதான் இப்பச் சொல்ல முடியுது, லாசரு" என்றேன்.

அதிகாரி எழுதினதைக் கிழிக்கவில்லை. அதன் கீழே இன்னொரு வரி எழுதினார். கொட்டகை வேலை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. நேர் எதிரே என் கிரேன் நின்றது, அதில் ஏற அடுத்த ஆள் வந்துவிட்டான். இளவட்டம்தான், நல்ல கண். கொக்கியில் தொங்கின ஈயத்தை அவிழ்த்து என்னிடம் கொடுக்க வந்தான். நீயே வைத்துக்கொள், மப்பு நாளில் உதவும் என்று சொல்லிவிட்டேன்.

லாசர் சைக்கிளில் என்னைக் கூட்டி வந்தான். வீட்டு முனையிலேயே இறக்கிவிட்டு, அக்காள் முகத்தைப் பார்க்க முடியாது என்று திரும்பிவிட்டான்.

பிலோமினா வாசலில் நின்றாள். அவள் பெரிதாகவும் பக்கத்திலும் தெரிந்தாள். எத்தனை எட்டு நடந்தால் அவளிடம் போய்ச் சேரலாம் என்று என் காலுக்கு இப்போது தெரியும். கையைத் தூக்கி முஷ்டியை மூடினேன்.

அவள் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். லாசர் நின்ற இடத்தை மேசையில் தம்ளரை வைத்துக் காட்டினேன். கட்டி எங்கே நின்றது என்று கரண்டியை வைத்துக் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் ஒரே தம்பி.

"அப்பக் கயித்த விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"விடல, ஏளா" என்றேன். "கண்ணு தெரிஞ்சவன் கையில குடுத்துட்டு வந்திருக்கேன்."